பின்சீட்டுக்குப் போகாத குளிர்

அத்தியாயம் 17

எட்டு மாசமாக அந்த வேன் இந்தக் கடைப் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்குக் காலை ஏழு மணிக்குத் திரும்பியது.

விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள், ரத்தம் சுத்தம் செய்கிற சென்டருக்கு ஐந்து பேரைக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. அதே சென்டரில் துணி அறையில் அக்காவுக்கு வேலை. 'எங்க வண்டி நல்ல வண்டி சிஸ்டர்' என்று அவள் ஹெட் நர்ஸிடம் சொன்ன வாக்கில்தான் அந்த ஓட்டமே கிடைத்தது.

தம்பி வண்டிகளுக்கு ஏசி பார்க்கிற மெக்கானிக். அக்காவின் கூடப் பிறந்தவன் கடை இருக்க, எட்டு மாசத்துக்கு முன்னால் மாமா வண்டியை எவனோ ஒருத்தன் கடையில் விட்டார். தம்பி அந்த வழியாகப் போனவன், ஜாக்கியில் ஏறி நிற்கிற வண்டியைத் தன் கண்ணாலேயே பார்த்தான். அன்றோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

போன வாரம் பின்சீட்டில் வந்த டீச்சரம்மா சூடு தாங்காமல் மயங்கிச் சரிந்தார். ஹெட் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் வண்டி வந்தது.

மாமா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"மாப்ள."

"ம்."

"பின்னாடி சூடா வருது."

"முன்னாடி?"

"சுமார்தான்."

"எத்தனை மணிக்கு ஓட்டம்?"

"பதினொண்ணுக்கு முதல் ஆளை ஏத்தணும்."

"சாவியை விட்டுட்டு அப்படி உக்காருங்க."

எட்டு மாசத்துக்கு அப்புறம் பேசிய பேச்சு இவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் இதுவே அதிகமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் தம்பி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கடைசியாக இதில் வேலை பார்த்தது யார், என்ன செய்தார்கள்? எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் அவன் கேட்கிற முதல் கேள்வி அது. டாக்டர் பழைய மருந்துச் சீட்டைக் கேட்கிற மாதிரி.

இந்த ஒரு வண்டிக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் மாமா அந்தக் கடைப் பேரைச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பேர் தன் கடைக்குள் கேட்கக் கூடாது என்று இவனுக்கு வைராக்கியம். கேட்டுத் தொலைக்கப் போகிறானே என்று அவருக்குப் பயம். கேட்காதவனும் சொல்லாதவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடுவில் வண்டி நின்றது.

கேஸ் அழுத்தம் காட்டுகிற மீட்டரைத் தம்பி மாட்டினான். கேஸ் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சோப்புத் தண்ணீர் தடவித் தேடியதில், கேஸ் ஏற்றுகிற முனையிலேயே நுரை கட்டியது. உள்ளே விரல்நுனி அளவு ஒரு வால்வு. தேய்ந்து கசிகிறது.

இவ்வளவுதானா என்று நினைத்தான். நினைத்ததில் தப்பும் இல்லை. கேஸ் குறைந்தால் முதலில் பின்சீட்டுதான் சூடாகும். முன்னாலிருந்து வண்டிக்கு அடியில் ரெண்டு குழாய் நீளமாக ஓடி, பின்னால் இருக்கிற கூலிங் காயிலுக்குப் போக வேண்டும். தெருவில் கடைசி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி. குறைந்தால் அங்கேதான் குறையும்.

வால்வை மாற்றினான். மிச்சம் இருந்த கேஸை மெஷினில் இழுத்தான். உள்ளே இருந்த காற்றும் ஈரமும் போக முக்கால் மணி நேரம் வேக்குவம் போட்டான். பிறகு பானெட்டுக்குக் கீழே கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். முன்னும் பின்னும் சேர்த்து ஆயிரத்து நூறு கிராம். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஆயிரத்து நூறும் சுத்தமாக ஏற்றினான்.

முன்னால் ஜில்லென்று வந்தது. மாமா எட்டிக் கையை நீட்டிப் பார்த்தார்.

"உன் கை கைதான் மாப்ள."

எட்டு மாசம் அந்தக் கை எங்கே போயிருந்தது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. தம்பி விழுங்கிக்கொண்டான்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மீட்டரில் சிவப்பு ஊசி ஏற ஆரம்பித்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஏறியது. டக்கென்று கம்ப்ரஸர் கட்டானது. ஊசி இறங்கியதும் திரும்பப் பிடித்தது. திரும்பக் கட். முன்னால் வந்த குளிரும் விக்கல் எடுத்த மாதிரி வந்து வந்து போனது.

கேஸ் அதிகம் என்கிறது ஊசி. இல்லை என்கிறது தராசு.

கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்ஸருக்கு உள்ள ஃபேனைப் பார்த்தான். நன்றாக ஓடியது. கண்டென்ஸர் மேல் ஒரு வாளித் தண்ணீர் அடித்தான். கொஞ்சம் இறங்கிய ஊசி, தண்ணீர் காய்ந்ததும் பழையபடி ஏறியது. ஸ்டிக்கரைத் துணியால் துடைத்து இன்னொரு தடவை படித்தான். கடைசியில் தராசு மேலேயே சந்தேகம் வந்து, தன் சுத்தியலை அதில் வைத்து எடை பார்த்தான். சுத்தியல் எப்போதும் இருக்கிற எடைதான் இருந்தது.

மாமா பெஞ்சில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஒரு பக்கத்தை அரை மணி நேரமாகப் படிக்கிறவரை இப்போதுதான் தம்பி கவனித்தான்.

"மாமா, பின் ப்ளோயரைப் போடுங்க."

போட்டார். பின்சீட்டில் கையை வைத்தால் காற்று வந்தது. அந்தக் காற்றில் ஒன்றும் இல்லை.

தம்பி வெளியே வந்து குனிந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் ஓடுகிற ரெண்டு குழாயையும் தொட்டான். ஒன்று சில்லென்று வேர்த்திருக்க வேண்டும். இன்னொன்று கதகதவென்று இருக்க வேண்டும். ரெண்டும் ரோட்டு ஓரம் கிடக்கிற இரும்பு மாதிரி இருந்தது.

அட்டையைப் போட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனான். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து பிழைக்கிறவனுக்கு வயசு தலைமுடியில் தெரியாது, இடுப்பில் தெரியும். முனகிக்கொண்டே முன்பக்கம் வரைக்கும் நகர்ந்தான்.

அங்கே இருந்தது. குழாய் ரெண்டாகப் பிரிந்து பின்னால் கிளம்புகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ரெண்டையும் அறுத்திருந்தார்கள். முன்பக்க முனையை நசுக்கி, மேலே பற்றவைத்து அடைத்திருந்தார்கள். பின்பக்க முனையில் கிழிந்த துணியைத் திணித்து டேப் சுற்றியிருந்தார்கள்.

எட்டு மாசமாகப் பின்சீட்டுக்குப் போனது வெறும் ஃபேன் காற்று. முன்பக்கத்துக்கு மட்டும் என்றால் எழுநூற்றைம்பது கிராம் போதும். மிச்சம் முன்னூற்றைம்பதும் போக வழி இல்லாமல் முன்னாலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஊசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இப்படி அறுத்து அடைப்பது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. தம்பியே எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறான். ஆனால் செய்தவன், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புது அளவை எழுதி ஒட்ட வேண்டும். அடுத்தவன் ஏமாறாமல் இருக்க. இவன் எழுதவில்லை.

"மாமா."

"சொல்லு."

"இங்க வாங்க."

"கேக்குது, அங்கேருந்தே சொல்லு."

"கேக்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

மாமா குனியவில்லை. அவர் செருப்பு மட்டும் ரெண்டடி வந்து நின்றது. அடியில் படுத்திருக்கிறவனுக்கு அது போதும். விஷயம் தெரியாத செருப்பு அப்படி நிற்காது.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதுக்கு மாமா?"

செருப்பு ஒரு தடவை இடம் மாறியது. "அந்தக் குழாய் அரிச்சு அரிச்சு ஒழுகிச்சு. நீயே ரெண்டு தடவை ஒட்டிக் குடுத்தே. மூணாவது தடவையும் போச்சு. புதுக் குழாய் வர இருபது நாளாகும்னாங்க. இருபது நாள் வண்டி நின்னா ஓட்டம் யாருக்கோ போயிடும். அவன் அரை நாள்ல அடைச்சுத் தரேன்னான். அப்ப மழை நேரம். எவன் குளிர் கேக்கப் போறான்னு இருந்துட்டேன்."

"என்கிட்ட வந்திருக்கலாம்."

"உன்கிட்ட வந்தா நீ பண்ண மாட்டே."

உண்மைதான். வீட்டு வண்டி என்றால் தம்பி அடைத்துக் கொடுப்பான். அங்கே பின்னால் பையும் குடையும்தான் போகும். ஆள் ஏற்றுகிற வண்டிக்குச் செய்ய மாட்டான். சீக்காளி ஏறுகிற வண்டி என்றால் பேச்சே கிடையாது. இது அவன் கடையில் எழுதிப் போடாத சட்டம்.

"பண்ண மாட்டேன்தான்."

"அதான் வரல."

தன் வேலை சரியில்லை என்று மாமா நினைத்துவிட்டார், இல்லை சொந்தக்காரன் என்று இளக்காரம், இல்லை அக்காவே சொல்லித்தான் அங்கே விட்டார் என்று எட்டு மாசமாகத் தம்பி மனசில் ஓட்டாத காரணம் இல்லை. இந்த ஒன்றைத்தான் ஓட்டவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னேன்."

"அவ ஹெட் நர்ஸ்கிட்டயும் அதைத்தானே சொல்லியிருக்கா?"

"போன வாரம்கூடச் சொன்னா. பின்னாடி ஏசி இப்பத்தான் பார்த்தது, ஒண்ணும் இருக்காது சிஸ்டர்னு." செருப்பு இன்னும் ஓரடி கிட்ட வந்தது. "இன்னிக்கு மட்டும் சொல்லாத மாப்ள. ஓட்டம் முடியட்டும். சாயங்காலம் நானே சொல்லிடறேன்."

"எட்டு மாசத்துல எத்தனை சாயங்காலம் வந்துச்சு மாமா?"

செருப்பு பெஞ்சுக்குத் திரும்பிப் போனது.

அதிகப்படி கேஸைத் தம்பி மெஷினில் இழுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தாள். ஒன்பதரை இருக்கும். சென்டரில் ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு நடந்தே வந்திருந்தாள். அவளும் எட்டு மாசத்துக்கு அப்புறம்தான் இந்த வாசலை மிதிக்கிறாள். சௌக்கியம் கேட்கவில்லை. நேராக வண்டியில் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போடு," என்றாள் உள்ளேயிருந்து.

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். தம்பி போட்டான்.

அஞ்சு நிமிஷம் கழித்து இறங்கினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"முன்னாடி சீட்டுல பனி பெய்யுது. பின்னாடி ஈரத் துணியைப் போட்டா காயும். இன்னிக்குப் பின்னாடி வருமா, வராதா?"

"வராது."

"நேத்து வரைக்கும்?"

தம்பி கை கழுவுகிற பாவனையில் குழாய்ப் பக்கம் போனான். கழுவினான். சோப்புப் போட்டுக் கழுவினான். இவ்வளவு சுத்தமாக அவன் கை கழுவி அவளே பார்த்ததில்லை.

"நேத்தும் வரல," என்றார் மாமா. "முந்தாநாளும் வரல. நான்தான் அடைக்கச் சொன்னேன். அந்தக் கடைக்குப் போனது அதுக்குத்தான். சரி பண்ணினதா உன்கிட்ட சொன்னது பொய்."

எழுந்து நின்றுதான் சொன்னார். அது வரைக்கும் சரி.

அக்கா கத்தவில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அதை மடித்தாள். துணி அறைக்காரி, மடிப்பு பிசகவில்லை. பிறகு தம்பியிடம் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அரை மணி நேரமா."

"வண்டி எப்ப வந்துச்சு?"

"ஏழு."

"வந்ததும் என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டிருந்தா?"

"ஏழு மணிக்கே தெரிஞ்சிருக்கும்."

"கேக்கறதுக்கு என்ன?"

தம்பி துண்டைத் தேடினான்.

"நல்லா இருக்கு," என்றாள் அக்கா. "ஒருத்தருக்கு வாய் இல்ல. ஒருத்தனுக்குக் காது இல்ல. எனக்கு மட்டும் ரெண்டும் இருந்து என்ன புண்ணியம்? கேட்டதை அப்படியே கொண்டுபோய் ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். சரி, இப்ப என்ன வழி?"

"முன்பக்கம் மட்டும் ஒழுங்கா ஓட வைக்கலாம். இன்னும் பத்து நிமிஷம். டிரைவர் பக்கத்துச் சீட்டு ஒண்ணு, நடு வரிசையில ரெண்டு. மூணு பேருக்குக் குளிர் வரும்."

"ஆள் அஞ்சு."

"எல்லாரையும் ஏத்திட்டு, பின்னாடி ஜன்னலைத் திறந்து விட்டுட்டா..." என்று மாமா ஆரம்பித்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "போன வாரமும் ஜன்னல் திறந்துதான் இருந்துச்சுன்னு அவர்கிட்டச் சொல்லு," என்றாள் தம்பியிடம்.

"மாமா, போன வாரமும்..."

"கேட்டுச்சு."

"ரெண்டு நடையாப் போகணும்," என்றாள் அக்கா. "முதல்ல மூணு, அப்புறம் ரெண்டு. அதுக்கு சென்டர்ல நேரம் மாத்தித் தரணும். இரு."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரோட்டு இரைச்சலில் அவள் குரல் மட்டும் உள்ளே வந்தது.

"சிஸ்டர், நான்தான்... இல்ல, வண்டி வரும். ரெண்டு நடையா வரும்... பின்னாடி ஏசி இல்ல சிஸ்டர். ரிப்பேர் இல்ல, இல்லவே இல்ல. அடைச்சு வச்சிருக்கு. எட்டு மாசமா... ஆமா, நான்தான் சொன்னேன். சொன்னது தப்பு... எனக்குத் தெரியாதுதான். ஆனா தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க வரல சிஸ்டர், சொன்ன வாய் என் வாய்."

அதற்கப்புறம் நெடுநேரம் 'சரி சிஸ்டர்' மட்டும்தான் கேட்டது. ஆறு தடவை. மாமா எண்ணியிருப்பார் போலிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

திரும்பி வந்தவள் தம்பியிடமே பேசினாள்.

"இன்னிக்கு ரெண்டு நடைக்கு ஒத்துக்கிட்டாங்க. திரும்பறதும் அப்படியே. நாளைக்கு ஓட்டம் இல்ல. நாளை மறுநாள் அவங்களே வந்து வண்டில ஏறுவாங்களாம். பின்சீட்டுல. முதல் வீட்டுலேருந்து சென்டர் வரைக்கும். குளிர் இருந்தா ஓட்டம் நமக்கு. இல்லைன்னா அன்னிக்கே வேற வண்டி. முடியுமா?"

தம்பி யோசித்துத்தான் சொன்னான். "குழாய் பிரச்சினை இல்ல. கம்பெனிக் குழாய்க்குக் காத்திருக்க வேண்டாம், நல்ல ரப்பர் ஹோஸ் வாங்கி முனை போட்டு இழுத்துடலாம். அரை நாள் வேலை. பின்னாடி இருக்கிற காயில்தான் கேள்வி. எட்டு மாசமா அதுக்குப் போற குழாய் வாயில துணியை அடைச்சுப் போட்டிருக்கு. மழையும் பெஞ்சிருக்கு. உள்ள அரிக்காம இருந்தா முடியும்."

"அரிச்சிருந்தா?"

"முடியாது. புது காயில் வரப் பத்து நாள்."

"இதையும் எனக்கு வேற மாதிரி சொல்லலாம்னு தோணலையா உனக்கு?"

"இல்லக்கா."

"நல்லது." மடித்த கைக்குட்டையைப் பாக்கெட்டில் வைத்தாள். "அஞ்சு பேர்கிட்டயும் என்ன நடந்துச்சுன்னு அவரே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அதையும் சொல்லிடு."

"கேட்டுச்சு," என்றார் மாமா.

தராசு எழுநூற்றைம்பது காட்டியது. ஊசி ஏறவேண்டிய இடம் வரைக்கும் ஏறி, அடங்கி நின்றது. தம்பி ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, 'பின்பக்கம் அடைப்பு. கேஸ் 750' என்று பேனாவால் எழுதி, தேதி போட்டு, கம்பெனி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

பதினொன்றேகாலுக்கு மாமா டீச்சரம்மா வீட்டு வாசலில் நின்றார். அந்த அம்மா வழக்கம்போலப் பின்கதவுக்குப் போக, மாமா ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"என்னப்பா இன்னிக்குப் பதவி உயர்வு?"

நடு வரிசையில் ஏற்கெனவே பழைய பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தையல்காரர். இன்றைக்கு வழியை மாற்றி, பின்சீட்டுக்காரர்களான டீச்சரம்மாவையும் கண்டக்டரையும் முதல் நடையிலேயே மாமா சேர்த்திருந்தார். வண்டியை எடுக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மூன்று பேருக்கும் சொன்னார். அறுத்தது, அடைத்தது, மறைத்தது எல்லாம். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மாசச் சுமை என்று தூக்கிக்கொண்டு திரிந்தது ரெண்டு நிமிஷச் சமாசாரம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கண்டக்டர். "பின்னாடி வர்றது காத்து, குளிர் இல்லன்னு. வயசானா அப்படித்தான் தோணும்னு இதே வாயாலதான் என்னை அடக்கினே."

"சொன்னேன் சார்."

"முப்பது வருஷம் பஸ்ல போனவன்யா. எனக்குப் பின்சீட்டைப் பத்திச் சொல்லித் தரே."

தையல்காரர் ஏசிக் காற்று அடிக்கிற ஓட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சரம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். "எங்கிட்டப் படிச்ச பசங்க வீட்டுப்பாடம் எழுதலைன்னா நாய் கடிச்சுதும்பாங்க, மழைல நனைஞ்சுதும்பாங்க. நேரா ஒத்துக்கிட்டவன் ரெண்டு பேரோ மூணு பேரோதான். அவங்களையும் நான் அடிக்காம விட்டதில்ல." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "மயங்கி விழுந்தப்ப என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? அம்மாவுக்கு இனி ரொம்ப நாள் இல்லன்னு. நானும் அப்படித்தான் நினைச்சுப் படுத்திருந்தேன், ஒரு வாரமா. உடம்பு போயிடுச்சுன்னு. உன் குழாய்தான் போயிருக்கு. அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

மாமா ஓட்டத்தைப் பற்றி நினைத்திருந்தார், பெண்டாட்டியைப் பற்றி நினைத்திருந்தார். டீச்சரம்மா படுத்துக்கொண்டு ஒரு வாரமாக என்ன நினைத்திருப்பார் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை.

"வண்டியை எடு. நேரமாகுது," என்றார் டீச்சரம்மா.

ரெண்டாவது நடையில் மற்ற ரெண்டு பேருக்கும் சொன்னார்.

சாயங்காலம் ரெண்டு நடையாக எல்லாரையும் வீட்டில் விட்டுவிட்டு, ஐந்தேகாலுக்கு வண்டி கடைக்குத் திரும்பியது. தம்பி பின்பக்க பேனலைக் கழற்றினான். மாமா உட்காரவில்லை. சொல்லாமலே விளக்கைப் பிடித்தார்.

காயில் வெளியே வந்தது. தகடுகளுக்கு நடுவில் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஓரத்தில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்துவிட்டுக் காலி செய்து போயிருந்தது. தம்பி வண்டிக்கு அடியில் போய், அறுத்த குழாய் வாயிலிருந்து துணியை உருவிக்கொண்டு வந்தான். வெளியே இருந்த பாதி கறுத்திருந்தது. உள்ளே இருந்த பாதி காய்ந்துதான் இருந்தது.

"நல்லதா, கெட்டதா?" என்றார் மாமா.

"துணி நல்ல துணி. காயிலைப் பத்தி இன்னும் தெரியாது."

காயிலை மருந்து விட்டுக் கழுவினான். காற்றடித்துக் காய வைத்தான். ஒரு முனையை அடைத்து, இன்னொரு முனையில் மீட்டரை மாட்டி, நைட்ரஜனை ஏற்றினான். அழுத்தம் நூற்றைம்பதைத் தொட்டதும் சிலிண்டரை மூடினான். ஊசி நின்ற இடத்தில் கண்ணாடி மேல் பேனாவால் ஒரு கோடு போட்டான். மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவினார்கள். நுரை வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"பெரிய ஓட்டைக்குத்தான் நுரை வரும். ஊசிமுனை ஓட்டைக்கு ராத்திரி பூரா விட்டுப் பாக்கணும். காலைல ஊசி கோட்டுலயே இருந்தா, ஒன்பது மணிக்கு ஹோஸ் கடை திறந்ததும் போய் நிப்பேன்."

அப்போது மணி ஆறு. தம்பி சாமான்களைத் துடைத்து எடுத்துவைத்தான். மாமா பெஞ்சை இழுத்துப்போட்டு மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தார். காலையில் பேப்பரைப் பார்த்த மாதிரி இல்லை. இதை நிஜமாகவே பார்த்தார்.

ஆறரைக்கு வெயில் வாசலை விட்டுப் போனது.

"மாப்ள. இறங்கியிருக்கு."

தம்பி வந்து குனிந்தான். கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை.

"வெயில் தாழ்ந்தா உள்ள இருக்கிற காத்து சுருங்கும் மாமா. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

"ஓட்டை இருந்தா?"

"அப்பவும் இப்படித்தான் இறங்கும்."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"காலைல சூடு ஏறும்போது ஊசியும் திரும்பக் கோட்டுக்கு ஏறினா காயில் நல்லது. ஏறலைன்னா இல்லை."

டியூட்டி முடிந்து அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் பை. தம்பியைப் பார்த்து வாயைத் திறந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் மாமா எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றார். "சூடு குறைஞ்சதால இருக்கலாம்ங்கறான். ஓட்டையாவும் இருக்கலாம். இப்பத் தெரியாது."

அக்கா பையைக் கீழே வைத்தாள். மாமாவைத் தாண்டி மீட்டருக்கு முன்னால் போய்க் குனிந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா?" என்றாள். காலையிலிருந்து அவரிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை.

"இப்பத்தான். வெயில் போனதும்."

"காலைல இங்க எத்தனை மணிக்குச் சூடு ஏறும்?"

"எட்டரை ஆகும்க்கா," என்றான் தம்பி.

அக்கா நிமிர்ந்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப எட்டரைக்கு மூணு பேரும் இங்க இருப்போம். யாரும் எனக்கு முன்னாடி வந்து பாத்துட்டு, வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்."

தம்பி ஷட்டரை இறக்கினான். ஷட்டர் சாவியை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள்.